மோதிர அளவுக்கு நூல் வேண்டாம்



இப்போது பலரும் மோதிரத்தை ஆன்லைனிலேயே வாங்குகிறீர்கள். அளவு கேட்டால் விரலில் நூலைச் சுற்றி அளந்து அனுப்புகிறீர்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. நூல் இழுபடும், சதையில் புதையும். சுற்றளவில் 2.5 மி.மீ. பிசகினால் அமெரிக்க அளவில் ஒரு நம்பரே மாறிவிடும்.

அதே விரலுக்குப் பொருந்தும் பழைய மோதிரம் இருந்தால் அதன் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 17 மி.மீ. என்றால் 3.14-ஆல் பெருக்குங்கள், சுற்றளவு 53.4 மி.மீ. பள்ளிக்கூடத்தில் போட்ட வட்டக் கணக்குதான்! மோதிரம் இல்லையென்றால் மெல்லிய காகிதப் பட்டை போதும். குளிரில் விரல் சுருங்கும். அதனால் மாலையில் இரண்டு மூன்று முறை அளக்கலாம். அந்த வளையம் விரல் மூட்டைத் தாண்ட வேண்டும். வலக்கை விரலும் இடக்கை விரலும் ஒரே அளவாக இருக்காது. நாட்டுக்கு நாடு நம்பர் மாறும், எனவே கடைக்கு மி.மீ. கணக்கையே சொல்லுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ‘சர்ப்ரைஸ்’ மோதிரம் வேண்டாம். வயதானால் மூட்டு தடிக்கும், விரலில் நீர் கோக்கும். இறுக்கமான மோதிரம் மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். சில சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கியதை வெட்டலாமா?

பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையைப் பிடித்து அளந்து வாங்குங்கள். அவர்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.