பெரிய பைக்கின் சின்னக் குறைகள்: எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதை விடவே கூடாது?

"பாப்பா, அண்ணன்கிட்ட சொல்லிடு. இனிமே அந்த வண்டியில நான் ஏற மாட்டேன். பஸ்லயே போய்க்குறேன்."

பாகூரிலிருந்து பெரியம்மா போனில் இப்படிச் சொன்னபோது, முதலில் வழக்கமான அம்மா-பிள்ளை சண்டை என்றுதான் நினைத்தேன். அண்ணன் திருபுவனை பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஐந்து வருஷமாகப் பணம் சேர்த்து, மீதிக்கு லோன் போட்டு, பெரிய அட்வென்ச்சர் பைக் ஒன்றை வாங்கினான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று தெருவே வாசலில் நின்று பார்த்தது. எலுமிச்சம்பழம் வைத்து, திருஷ்டி சுற்றி, முதல் ரவுண்டு போனதே பெரியம்மாதான். அவரே இப்போது பஸ்ஸில் போகிறேன் என்கிறார்.

என்ன கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. ஏனென்றால், ஞாயிற்றுக்கிழமை பாகூர் போய் அண்ணனிடம் பேசிவிட்டு, வில்லியனூரில் அவன் நண்பர்கள் இரண்டு பேரையும் டீக்கடையில் பிடித்துப் பேசினேன். மூன்று பேரிடமும் மூன்று கம்பெனி வண்டிகள். புலம்பல் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

மலைக்குச் செய்த வண்டி, வயல் ஊரில்

இந்த வகை வண்டிகளுக்கு வழிகாட்டி என்று 1980-ல் வந்த பிஎம்டபிள்யூ 'ஆர் 80 ஜி/எஸ்'ஸைச் சொல்வார்கள். தார்ச்சாலையிலும் ஓடணும், மண் பாதையிலும் ஓடணும் என்று செய்த வண்டி. அடுத்த வருஷமே பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஜெயித்தது. நம்ம ஊர் கதை 2016-ல் தொடங்குகிறது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு 411 சிசி 'ஹிமாலயன்' பைக்கை அறிமுகப்படுத்தியது அப்போதுதான். பெயரிலேயே இமயமலை இருக்கிறது. பெரிய முன்சக்கரம், உயரமான உடம்பு, நீளமான சஸ்பென்ஷன் எல்லாமே கல்லையும் பள்ளத்தையும் தாண்டுவதற்கு.

பாகூரில் மலை ஏது? ஏரிக்கரை உண்டு, வயல் வரப்பு உண்டு, டிராக்டர் சேற்றைக் கொட்டிவிட்டுப் போன ரோடு உண்டு. ஊருக்கு ஊர் ஏறி இறங்க வேகத்தடை உண்டு. அண்ணனின் வண்டி வருஷத்தில் ஐந்து நாள் கொல்லிமலை, வால்பாறை என்று போகிறது. மற்ற நாளெல்லாம் வேலைக்கும் காய்கறிக் கடைக்கும்தான். குறைகள் முளைப்பது அந்த மற்ற நாட்களில்.

புலம்பல் 1: உயரமும் எடையும்

2023 நவம்பரில் வந்த புது ஹிமாலயன் 450-ஐ உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சீட் உயரம் 825 மில்லிமீட்டர், எடை 196 கிலோ. நம் வீடுகளில் சாதாரணமாக நிற்கும் ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மில்லிமீட்டர், 112 கிலோ. அதாவது, ஒரு நெல் மூட்டையைக் கூடுதலாகத் தூக்கிவைத்த மாதிரி. வெளிநாட்டுப் பெரிய வண்டிகளில் சில 230 கிலோவையும் தாண்டும்.

ஓடும்போது இந்த எடை தெரியாது. நிறுத்தும்போதும், தள்ளும்போதும், சரிவில் திருப்பும்போதும்தான் தெரியும். "கால் முழுசா ஊனாது. ஒரு பக்கம் பள்ளமா இருந்தா போச்சு" என்றார் வில்லியனூர் நண்பர் ஒருவர். பல மாடல்களில் உயரம் குறைந்த சீட் தனியாகக் கிடைக்கிறது. அது பெரிய உதவி.

புலம்பல் 2: காலில் அடிக்கும் சூடு

வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குள் போகிறவர்களுக்கு இந்திரா காந்தி சிலை சந்திப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாத மதியத்தில் அங்கே நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். வெந்நீர் அண்டா பக்கத்தில் நிற்கிற மாதிரி முழங்காலில் சூடு அடிக்கும். வண்டி ஓடினால்தான் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். நின்றுவிட்டால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்யணும். இது வண்டியின் இயல்பு. ஆனால், டிஸ்ப்ளேயில் சூடு எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, கூலன்ட் அளவு அடிக்கடி குறைந்தாலோ அது இயல்பு இல்லை, கோளாறு.

புலம்பல் 3: பஞ்சர்

அலாய் வீல் கல்லில் மோதினால் விரியக்கூடும். கம்பி வீல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால்தான் இந்த வண்டிகளில் கம்பி வீலை விரும்புகிறார்கள். ஆனால், சாதாரணக் கம்பி வீலில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போகும். அந்த ஓட்டைகள் வழியே காற்று நிற்காது என்பதால் உள்ளே டியூப் வேண்டும். ஆணி குத்தினால் சக்கரத்தையே கழற்றணும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் ரோட்டோரம் அது பெரும்பாடு. 21 இன்ச் முன்சக்கரத்துக்கு டியூப் கேட்டால் கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

இந்தக் குறையைக் கம்பெனிகளே கேட்டுத் திருத்தியிருக்கின்றன. ஹிமாலயன் 450-க்கு டியூப்லெஸ் கம்பி வீல் 2024-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டால் நடக்கும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

புலம்பல் 4: ஸ்டாண்டு, செயின், துரு

ஏரிக்கரை ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு நாலு அடி நடந்தால், பின்னால் 'தொப்'பென்று சத்தம். ஸ்டாண்டின் பாதம் சின்னது, எடை பெரிது, மண்ணில் இறங்கிவிடுகிறது. பாதத்தை அகலப்படுத்தும் தகடு கடைகளில் கிடைக்கிறது. அதுவரை ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ போதும்.

சேற்று ரோட்டில் ஓடும் வண்டியின் செயினை சர்வீஸ் வரைக்கும் விட்டுவைக்கக் கூடாது. துடைத்து லூப் போடணும். இரும்பு பிரஷ் வைத்துத் தேய்த்தால் செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் கிழியும். மணப்பட்டு மாதிரி கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றால் போல்ட்டும் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதுதான் முதல் வைத்தியம்.

மழைக்காலத்தில் ஹெட்லைட்டிலும் டிஸ்ப்ளேயிலும் மூட்டம் படிவது இன்னொரு பொதுவான புலம்பல். கொஞ்ச நேரம் ஓட்டியதும் மறைந்தால் கவலையில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றால் வாரன்டியில் கேளுங்கள்.

பெரியம்மா சொன்ன கதை

இவ்வளவையும் எழுதிக்கொண்ட பிறகுதான் பெரியம்மாவிடம் உட்கார்ந்தேன். "உங்களுக்கு என்ன பெரியம்மா பிரச்னை? உயரமா?"

"உயரம் கெடக்குது. திண்ணையில ஏறி நின்னு உக்காந்துக்குவேன். அந்தக் கம்பி எங்கன்னு உங்க அண்ணனைக் கேளு."

கம்பி என்று அவர் சொன்னது சாரி கார்டு. வாங்கிய மூன்றாவது மாதம் அது 'கடகட'வென்று சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. சர்வீஸில் சொன்னபோது, "இந்த வண்டிக்கு இது நார்மல்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் எரிச்சலில் அண்ணன் அதைக் கழற்றி மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டுவிட்டான். "வண்டியும் பாக்க நல்லா இருந்துச்சு" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அமாவாசை அன்று தாத்தாவுக்குத் திதி கொடுக்கத் திருக்காஞ்சி போயிருக்கிறார்கள். பெரியம்மா எப்போதும் போல ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறார். சங்கராபரணி ஆற்றங்கரைக்குத் திரும்பும் இடத்தில் காற்றில் முந்தானை பறந்து பின்சக்கரக் கம்பியில் மாட்டிக்கொண்டது. திருப்பத்துக்காக வண்டி மெதுவாகப் போனது புண்ணியம். முழங்கையில் சிராய்ப்பும் கிழிந்த புடவையுமாகத் தப்பினார். அதே அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடந்திருந்தால்? அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சாரி கார்டு அலங்காரத்துக்கு வைப்பது இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-வது விதி அதைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம் வேண்டும், ஃபுட்ரெஸ்ட் வேண்டும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும். புடவை மட்டுமல்ல, துப்பட்டா, வேட்டி, மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும்தான். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டியிருந்தால் ஒருபக்கமாக உட்காரவே முடியாது என்பதையும் பெட்டி வாங்கும் முன்பே யோசிக்கணும்.

எது சின்னக் குறை?

மூன்று பேரின் புலம்பல்களையும் பிரித்துப் பார்த்தால் இப்படி வருகிறது.

முதல் வகை, வண்டியின் இயல்பு. உயரம், எடை, டிராஃபிக்கில் சூடு. இவை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டியவை. டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போகாதீர்கள். பின்னால் உட்காரப்போகிற அம்மாவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவிகிதம். 350 சிசி வரை 18 சதவிகிதம்தான். இவ்வளவு செலவழித்து வாங்கும் வண்டியில் வீட்டில் ஒருவர் ஏற மறுத்தால், அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம்?

இரண்டாம் வகை, பராமரிப்பு. செயின், துரு, ஸ்டாண்டு, கடகட சத்தம். நம் கையாலோ மெக்கானிக் கையாலோ சரியாகிவிடும். ஆனால், சரிசெய்வது வேறு, கழற்றி வீசுவது வேறு.

மூன்றாம் வகை, சின்னதாகத் தெரியும் ஆபத்து. பிரேக் பிடி பஞ்சு மாதிரி அமுங்குவது. முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில்பார் பக்கம் 'டொக்' என்று தட்டுவது. ஓடும்போது இன்ஜின் திடீரென்று நிற்பது. கம்பி வீலில் கம்பிகள் லூஸாவது. இதில் ஒன்று இருந்தாலும், "நார்மல்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

வாயால் சொன்னால் போதாது

சர்வீஸுக்கு விடும்போது ஒவ்வொரு குறையையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சத்தம் வருகிறதென்றால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். ஜாப் கார்டு நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வாரன்டி முடிந்த பிறகு, "முன்னாடியே சொன்னோம்" என்பதற்கு அதுதான் சாட்சி. சரிசெய்யவே இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் பலனில்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பாதுகாப்புக் கோளாறு என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, கோளாறுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளின் உரிமையாளர்கள் அரசின் 'வாஹன்' தளத்தில் புகார் பதியலாம். எத்தனை பேர் ஒரே கோளாறைப் பதிகிறார்கள் என்பது கணக்கில் வரும். டீக்கடையில் புலம்புவது எந்தக் கணக்கிலும் வராது.

நான் கிளம்பும்போது அண்ணன் பரணிலிருந்து சாரி கார்டை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தான். போல்ட் இரண்டிலும் ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினான். ஸ்டார்ட் செய்து பார்த்தான். சத்தம் இல்லை. கொஞ்சம் ரப்பரும் பத்து நிமிஷமும்தான் செலவு.

பெரியம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"சரி, அடுத்த அமாவாசைக்குப் பாக்கலாம். ஆனா ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இப்படி ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்" என்றார்.

உங்கள் வீட்டு வண்டியையும் இன்று ஒருமுறை ஆட்டிப் பாருங்களேன்.