ஒற்றன் படமும் நம்மவர் அபிப்பிராயங்களும்

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையிலே பதினைந்து பேர் வரையிற் கூடியிருந்து பழைய ஆங்கிலப் படமொன்றைப் பார்த்தோம். ஆசிரியர்கள் சிலர்; பல்கலைக்கழக மாணவர் சிலர்; உயர்தர வகுப்பிற் படிக்கும் பிள்ளைகள் இருவர்; இளைப்பாறிய பெரியவர்கள் மூவர் நால்வர். படம் ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃபுறொம் த கோல்ட்’. ஜோன் லெ கரே 1963 இல் எழுதிய நாவலை மார்ட்டின் றிட் என்னும் அமெரிக்க நெறியாளர் 1965 இற் படமாக்கினார். படம் ஓடிய நேரம் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. அதன் பின் நடந்த வாதம் அதனினும் நீண்டது. தேநீர் இருமுறை வந்தது. அன்று கேட்ட அபிப்பிராயங்களுட் சிலவற்றை இப்பக்கத்தில் எழுதிவைப்பது தகும் என்று எனக்குப் பட்டது.

முதலிற் பேசியவன் ஒரு மாணவன். “மெதுவான படம், சேர்” என்றான். உளவுப் படம் என்று வந்தவன் அவன். ஓடுகின்ற கார் இல்லை, வெடிக்கின்ற கட்டடம் இல்லை, கதாநாயகன் ஒரு முறையேனும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்பன அவனுடைய முறைப்பாடுகள். சிலர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. ஜேம்ஸ் பொண்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இப்படம் அப்படித்தான் தோன்றும். இது வெளிவந்த அதே 1965 டிசம்பரிலேதான் ‘தண்டர்போல்’ என்னும் பொண்ட் படமும் வெளிவந்தது. ஒன்று நீலக் கடலும் வண்ணமும் அகன்ற திரையுமாக. மற்றையது கறுப்பு வெள்ளையில், மழையும் ஈரச் சுவரும் அழுக்கேறிய மேலங்கியுமாக. வேடிக்கை என்னவெனில், இதன் திரைக்கதையை எழுதிய இருவருள் ஒருவரான போல் டென், அதற்கு முந்திய ஆண்டில் ‘கோல்ட்பிங்கர்’ படத்திற்கும் எழுதியவர். பொண்டுக்குக் கட்டளையிடும் தலைவராக நடித்து உலகறிந்த பேர்னாட் லீ, இங்கே ஒரு சிறிய பலசரக்குக் கடைக்காரராக வருகிறார். கடன் தர மறுத்து, கதாநாயகனிடம் அடியும் வாங்குகிறார். அக்காலத்து ரசிகர் அந்த அடியை எப்படி ரசித்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மாணவன் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று குறிப்பிட்டது முதற் காட்சியை. பெர்லின் நகரில் இரவு நேரம். 1961 இல் எழுந்த மதிலின் ஓரத்திலே சோதனைச் சாவடி. மேற்குப் பக்கத்தில் அலெக் லீமஸ் என்னும் பிரித்தானிய உளவு அதிகாரி தன் கடைசி ஒற்றனுக்காகக் காத்து நிற்கிறான். அந்த ஒற்றன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான், கடவுச்சீட்டைக் காட்டுகிறான், முதற் காவலைத் தாண்டுகிறான். பிறகு எச்சரிக்கை ஒலி எழ, சைக்கிளில் ஏறி விரைந்து மிதிக்கிறான், துவக்குகள் முழங்குகின்றன, விழுகிறான். காட்சி அவ்வளவுதான். (அது மெய்யான பெர்லின் அன்று, டப்ளின் நகரின் சந்தைவெளி ஒன்றிற் கட்டிய செயற்கை மதில்.) மாணவனுக்குப் பின் வரிசையில் இருந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மெல்லச் சொன்னார்: “தம்பி, எனக்கு அந்த இடத்திலே மூச்சு நின்றுவிட்டது. அவன் எதற்காகச் சைக்கிளை விட்டிறங்கி உருட்டுகிறான் என்று உனக்குத் தெரியாது.”

அவன் 2009 இல் நடைபழகிக்கொண்டிருந்த குழந்தை. அவரோ, பள்ளிக்கூடம் போகவும் வரவும் நாளுக்கு நான்கு முறை காவலரண்முன் சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி நடந்து கடந்தவர். நெறியாளர் மார்ட்டின் றிட் நம்மவரை மனத்திற்கொண்டு அக்காட்சியை எடுத்தாரல்லர். எனினும் அந்த நடையின் வேகம், காவலனின் முகத்தைப் பாராமற் பார்க்கும் கண், இவற்றை அந்த ஆசிரியர் வாசித்த அளவு நுட்பமாக வாசித்த விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை. மாணவன் சொன்னதும் பொய்யன்று, அவர் சொன்னதும் பொய்யன்று. ஆயினும் இரண்டும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றைப் பார்க்கக் கற்றவர் ஒருவர், கல்லாதவர் ஒருவர். அவர் கற்ற விதமோ எவருக்கும் வாய்க்கக் கூடாதது.

“விளங்கவில்லை” என்பது இன்னும் சிலரின் அபிப்பிராயம். இது நேர்மையான வார்த்தை. வாசகசாலைக் கூட்டங்களில் இதைச் சொல்ல நம்மிற் பலருக்குத் துணிவு வருவதில்லை. கதை சிக்கலானதுதான். ஒற்றனை இழந்து லண்டன் திரும்பும் லீமஸ், மேலிடத்தின் ஏற்பாட்டின்படி குடித்துக் கெட்டவனாக நடிக்கிறான், வறுமைப்படுகிறான், கடைக்காரரை அடித்துச் சிறைக்கும் போகிறான். எதிரி இவனை விலைக்கு வாங்க வருவான். வந்தால், கிழக்கு ஜேர்மன் உளவுத் தலைவனான முன்ட் என்பவன் லண்டனுக்கு வேலை செய்கிறான் என்று தோன்றும்படி துண்டு துண்டாகச் செய்தி விற்கவேண்டும். முன்ட் தன்னவராலேயே அழியவேண்டும். லீமஸ் அறிந்த திட்டம் இது. மெய்த் திட்டமோ வேறு. முன்ட் உண்மையாகவே லண்டனின் ஆள். அவனைச் சந்தேகிக்கத் தொடங்கிய அறிவாளியான பீட்லர் என்னும் அதிகாரியை ஒழித்து, முன்டைக் காப்பதே நோக்கம். லீமஸே கடைசியில்தான் இதை விளங்கிக்கொள்கிறான். ஆதலால், பார்ப்பவன் நடுவழியிலே தடுமாறுவது படத்தின் குற்றமன்று. கதாநாயகனுக்கு மறைத்ததை நமக்கும் மறைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இவ்விடத்தில் தமிழாசிரியர் ஒருவர் உற்சாகமுற்றார். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டல்லவா? ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனால் சோதித்தறிய வேண்டும், ஒருவனை மற்றவன் அறியாதபடி ஆளவேண்டும், ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யலாகாது என்றெல்லாம் வள்ளுவர் கூறியிருப்பதை எடுத்துக்காட்டி, “லண்டன்காரன் குறளைப் படித்திருக்கிறான்” என்று முடித்தார். எல்லோரும் மகிழ்ந்தோம். பொருத்தம் மெய்யானதுதான்; லீமஸை முன்ட் அறிவான், முன்டை லீமஸ் அறியான்; அங்கேதான் சூழ்ச்சி நிற்கிறது. எனக்கோ உள்ளூர ஒரு நெருடல் இருந்தது. அது இன்னதென்று நான் கண்டுகொள்வதற்குள், அதுவரை பேசாதிருந்த ஓர் ஆசிரியை கேட்டுவிட்டார். தமது பாடசாலையின் நூலகத்தைக் கவனித்துவருபவர் அவர்.

“எல்லோரும் லீமஸைப் பற்றியும் முன்டைப் பற்றியும் பேசுகிறீர்கள். அந்த நூலகத்துப் பிள்ளை செய்த குற்றம் என்ன?”

நான் பெயரைக்கூடச் சொல்லவில்லை பாருங்கள். நான் பெரி என்பது அவள் பெயர். கிளயர் புளூம் நடித்த பாத்திரம். வறுமை வேடத்தில் லீமஸ் வேலைபார்க்கும் சிறிய நூலகத்திலே அவள் பணிபுரிகிறாள், பொதுவுடைமைக் கட்சியை மனமார நம்புகிறவள், அவன்மீது அன்புகொள்கிறாள். கட்சி அழைப்பு என்று நம்பி ஜேர்மனிக்குப் போனவள், விசாரணை மன்றத்திலே திடீரென நிறுத்தப்படுகிறாள். லீமஸின் நண்பர் என்று வந்தவர்கள் தனக்குச் செய்த உதவியை உள்ளபடியே சொல்லிவிடுகிறாள். அந்த உண்மையால் லீமஸ் இன்னும் லண்டனின் ஆளே என்பது வெளிப்பட, அவனுடைய சாட்சியம் சரிகிறது, பீட்லர் வீழ்கிறான், முன்ட் தப்புகிறான். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்பதைக் கணக்கிற் சேர்த்தே லண்டனில் அத்திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. அவளுடைய நல்ல குணந்தான் அதன் அச்சாணி.

ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்கு உரைத்தது. செய்தியைச் சோதிக்கும் முறை அதிலுண்டு. சோதனைக்குள் அகப்பட்டு நசுங்கும் மூன்றாமவருக்கு அங்கே இடமில்லை. அது வள்ளுவரின் குறையன்று, அந்த அதிகாரத்தின் எல்லை. ஆனால் நாங்கள் பதினைந்து பேர் ஒரு மணி நேரமாக அரசனின் ஆசனத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம். திட்டம் நன்றா, யார் கெட்டிக்காரன், யார் யாரை ஏமாற்றினான் என்பதே பேச்சாக இருந்தது. ‘மெதுவான படம்’ என்ற மாணவனும் ‘நுட்பமான படம்’ என்ற நானும் இதில் ஒரே கட்சி. நம்முடைய ஊர்களிலே காட்டிக்கொடுத்தவன், காட்டிக்கொடுக்கப்பட்டவன் என்று எத்தனையோ கதைகள் பேசுகிறோம். எவருடைய கணக்கிலோ ஒரு சிறு காயாக இருந்து, எதற்கென்று அறியாமலே போனவர்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் சொல்லும் ‘பாவம்’ என்ற ஒன்றுதான்.

படத்தின்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. றிச்சார்ட் பேர்ட்டன் தமது புகழ்பெற்ற குரலை அடக்கி, களைத்த மனிதனாகவே வாழ்ந்து காட்டியிருக்கிறார். ஒஸ்கார் வேர்னரின் பீட்லர் மறக்கவொண்ணாதவன். ஒஸ்வால்ட் மொறிஸின் ஒளிப்பதிவோ அந்தக் குளிரை நம் தோலில் ஏற்றுகிறது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் போதிய காட்சிகள் இல்லை. அவள் எதை வாசித்தாள், கட்சிக்கு எப்படி வந்தாள், அவனிடம் எதைக் கண்டாள் என்பவற்றை அவசரமாகக் கடந்துபோகிறார்கள். திட்டத்திற்குத் தேவையான அளவுக்கே அவள் வருகிறாள். லண்டன் அவளை நடத்திய விதத்துக்கும் திரைக்கதை அவளை நடத்திய விதத்துக்கும் பெரிய தூரம் இல்லை என்று நான் சொன்னபோது, ஆசிரியை தலையசைத்தார்.

கடைசிக் காட்சியிலே வாதம் மறுபடியும் மூண்டது. இருவரும் மதிலில் ஏறித் தப்பும்போது அவள் சுடப்பட்டு விழுகிறாள். அப்பால் குதித்துவிடும்படி மேற்கிலிருந்து குரல்கள் அழைக்கின்றன. லீமஸ் ஒரு கணம் மதிலின்மேலே நின்று, பிறகு அவள் விழுந்த கிழக்குப் பக்கமே இறங்குகிறான், அவனும் சுடப்படுகிறான். “மடைத்தனம், இறந்தவளுக்காக உயிரைக் கொடுப்பதா?” என்றார் ஒருவர். படம் முழுவதிலும் எவருடைய கட்டளையும் இல்லாமல் அவன் செய்த காரியம் அது ஒன்றுதானே என்றார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் முதலாமவர் அன்றிரவு படலைவரை வந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளவேண்டிய கடமையும் அவருக்கில்லை.

பத்து நாளின் பின் அந்த மாணவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. படத்தை மறுமுறை தனியே பார்த்தானாம். மெதுவான படம் என்ற அபிப்பிராயத்தில் மாற்றமில்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டான். அதன்கீழே, அந்த நூலகப் பெண் வரும் காட்சிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, ஒவ்வொன்றிலும் அவளுக்கு யார் யார் என்ன பொய் சொன்னார்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தான். ஓரிடத்தில் மட்டும் கேள்விக்குறி இட்டிருந்தான்: லீமஸ் அவளிடம் அன்பென்று சொன்னது எந்தப் பக்கத்திற் சேரும் என்று அவனால் முடிவுசெய்ய இயலவில்லையாம். நான் இன்னும் பதில் எழுதவில்லை.