மைக்ரோகிராம் கணக்கில் வாங்கியது போதும்

நம் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் தனித்தனியே கிடப்பதில்லை. ஒன்றோடொன்று இணைந்து நீள்கின்றன, பிறகு பிரிகின்றன. இணையும்போது பழுதானதன் குறையை நல்லது ஈடுகட்டுகிறது. அந்த இணைப்பை நடத்தும் புரதங்களில் ஒன்று மைட்டோஃபியூசின்-2. 757 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும்.

இதன் மரபணுவில் ஏற்படும் பிழைகள் சார்கோ-மாரி-டூத் 2ஏ என்ற நரம்பு நோயைத் தருகின்றன என்பது 2004-இல் தெரியவந்தது. முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை ஓடும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அதன் கடைசி முனைக்கும் மைட்டோகாண்ட்ரியா போய்ச் சேர வேண்டும். அதனால்தான் முதல் அடி பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் விழுகிறது. சின்ன வயதிலேயே நடை தடுமாறும் பிள்ளைகள் உண்டு. நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

மருந்து தேடுகிறவருக்கு இந்தப் புரதம் கையில் வேண்டும். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி அதைத் தயாரிக்கலாம். நம் ஆய்வகங்கள் பலவும் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்குகின்றன. ஒரு குப்பியில் பத்து மைக்ரோகிராம்தான் இருக்கும், பொடி உப்பின் ஒரு துகள் எடைகூடத் தேறாது. விலையோ பல ஆயிரம் ரூபாய். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த பெட்டி ஒன்று சுங்கத்தில் நாள்கணக்கில் கிடந்தது. திறந்தபோது உலர்பனி ஒரு துண்டுகூட மிச்சமில்லை. குப்பியைச் சாய்த்துப் பார்த்த மாணவியின் முகம் வாடிவிட்டது. உறைந்திருக்க வேண்டியது உள்ளே தண்ணீராக ஓடியது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சவ்வில் பதியும் புரதங்கள் பாக்டீரியாவில் எளிதில் கட்டிதட்டிவிடும். அதனால் விற்பனைக்கு வருவது பல நேரம் முழுப் புரதம் அல்ல, அதன் ஒரு பகுதிதான். அது ஆற்றல் தரும் ஜிடிபி மூலக்கூறை உடைக்கிறதா, அதாவது வேலை செய்கிறதா என்பதைக் குப்பியோடு வரும் தாள் சொல்லாமலும் போகலாம். தானே புரதம் செய்து பழகிய மாணவர் இதை முதலில் கேட்பார். வாங்கியே பழகியவருக்குக் கேட்கத் தோன்றாது.

நாங்களே செய்யும்போது, புரதத்தைப் பிரித்தெடுக்கக் குளிர் அறையில் நிக்கல் ஏற்றிய மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் அடியில் சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பிடிப்போம். மறுநாள் ஜெல்லில் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், எதிர்பார்த்த உயரத்தில் ஒரு பட்டை தெரியும், அல்லது தெரியாது. தெரியாதபோது பாக்டீரியா வளரும் வெப்பநிலையைக் குறைக்கிறோம், புரதத்தின் எல்லைகளை மாற்றி வெட்டுகிறோம். ஒரு புரதத்தின் குணம் பிடிபடுவது அங்கேதான். சீனாவின் குவாங்சோ நகர ஆய்வாளர்கள் மைட்டோஃபியூசின்-1-ஐ இப்படி வெட்டிச் சுருக்கித்தான் அதன் படிக அமைப்பை 2017-இல் வெளியிட்டார்கள்.

நமக்கு இந்தத் திறமை புதிதல்ல. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் மஞ்சள் காமாலை-பி தடுப்பூசியை, மரபணுவை நுண்ணுயிருக்குள் செலுத்தும் இதே தொழில்நுட்பத்தில் தயாரித்தது. இறக்குமதி ஊசியின் விலை எட்டாமல் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது.

ஒவ்வொரு ஆய்வகமும் எல்லாப் புரதத்தையும் செய்ய முடியாது என்பார்கள். முனைவர் பட்டத்துக்கு நாள் எண்ணும் மாணவர்மீது இதையும் சுமத்தலாமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே பொதுவில் செய்வோம். சண்டிகரில் நுண்ணுயிர்களுக்கும் புணேயில் செல்களுக்கும் தேசிய சேமிப்பகங்கள் இயங்குகின்றன. அதே வழியில், மக்கள் பணத்தில் உருவாகும் பிளாஸ்மிட்டுகளை, அதாவது மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ வளையங்களை, ஓரிடத்தில் சேர்த்து, கேட்கும் ஆய்வகத்துக்குக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் 2004 முதல் ஆட்ஜீன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதைத்தான் செய்கிறது. மாநிலத்துக்கு ஒரு புரதத் தயாரிப்புக் கூடமும், அதில் நிரந்தரப் பணியாளர்களும் வேண்டும். ஆராய்ச்சி நிதி தருவோர் கருவிக்குக் கொடுப்பதுபோல் கைத்திறன் உள்ளவரின் சம்பளத்துக்கும் கொடுக்கட்டும். அனுபவப்பட்டவர் ஒப்பந்தம் முடிந்து வெளியேறினால், கருவி இருந்தும் புரதம் வராது.