பிழைதிருத்தப் பக்கம்

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்றொரு பக்கம் இருக்கும். பக்க எண், வரி எண், பிழை, திருத்தம் என்று நான்கு பத்திகள். இளம் வயதில் அந்தப் பக்கத்தைக் கண்டு சிரித்திருக்கிறேன். கடலில் நிற்கவும் மிதக்கவும் போகிற கட்டுமானங்களைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் தொழிலுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு புத்தகத்தில் அதைவிட நேர்மையான பக்கம் வேறில்லை என்று இப்போது தோன்றுகிறது.

எண்ணெய் மேடையோ மிதவைக் கப்பலோ, அது தன் முதல் அலையைச் சந்திப்பது கடலில் அல்ல, மென்பொருளில்தான். அந்த மென்பொருள்களில் எங்கே பிழை வரும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியும் தெரியும். இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சற்றுப் பொறுத்துக்கொண்டால் இரண்டு உதாரணங்கள் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கப்பலின் மேல் அலை மோதுவதைக் கணக்கிட, நீரில் அமிழ்ந்த அதன் புறப்பரப்பைச் சிறு சில்லுகளாகப் பிரிப்பார்கள். இந்தக் கணிதத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கப்பலின் வயிற்றுக்குள்ளும் நீர் இருப்பதாக அது கற்பனை செய்துகொள்கிறது. சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் இல்லாத அந்த நீர் தளும்புகிறது, விடைகள் தாறுமாறாகின்றன. சித்திரை வெயிலில் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் கானல் நீரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. இதற்கு மாற்றுவழி, கப்பலுக்குள்ளே நீர்மட்டத்தில் கணிதத்தால் ஒரு மூடி போடுவது. காரணம் பாடநூல்களில் இருக்கிறது. பல மென்பொருள்கள் இந்த மூடியைத் தாமே போட்டுக்கொள்ளும் வசதியையும் தருகின்றன.

இரண்டாவது இவ்வளவு சாதுவானதல்ல. இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக நின்று சரக்கு மாற்றும்போது நடுவே ஒடுங்கிய நீர்ச்சந்து உண்டாகிறது. இந்த வகை மென்பொருளில் உள்ள நீருக்குப் பாகுத்தன்மை கிடையாது, சுழிப்பு கிடையாது. ஆகவே சந்துக்குள் நீர், நிஜக் கடலில் எழும்பாத உயரத்துக்கு எழும்புகிறது. அதை அடக்க ஒரு தணிப்பு எண்ணை நாமே உள்ளே கொடுக்கிறோம். அந்த எண், மாதிரிக் கப்பல்களை அலைத்தொட்டியில் மிதக்கவிட்டு அளந்து பெறப்பட்டது. அந்தக் கப்பல்களுக்கும் அந்த இடைவெளிக்கும் மட்டுமே அது உரியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோப்பு என் கைக்கு வந்தது. அதில் அப்படியொரு எண் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “எப்பவும் அதுதான் போடுறது” என்றார் எனக்கு முன் அதைக் கையாண்டவர். அவருக்கு முன்னவரைக் கேட்டபோதும் அதே பதில். தோண்டிப் பார்த்ததில், வேறு கப்பல்களுக்காக, வேறு இடைவெளிக்காக எடுக்கப்பட்ட எண் என்று தெரிந்தது. அதைத் தவறு என்று நிரூபிக்க என்னிடம் சான்றில்லை. சரி என்று நம்பவும் காரணமில்லை. அந்தச் சந்தின் நீர்மட்டத்தை வைத்துத்தான் குழாய்களை இணைக்கலாமா என்று முடிவெடுப்பார்கள். அருகில் ஆட்கள் நின்றிருப்பார்கள்.

என் வாதம் இதுதான். தெரிந்த பிழை அபாயமானதல்ல. காரணத்தை இழந்துவிட்டு, கைமாறிக் கைமாறி வருகிற மாற்றுவழிதான் அபாயமானது.

*

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டாவங்கர் நகருக்கு அருகே ‘ஸ்லைப்னர் ஏ’ என்ற கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம், நீரில் அமிழ்த்திச் சோதிக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை. பொருளிழப்பு சுமார் 70 கோடி டாலர். வட்ட அறைகள் ஒன்றையொன்று தொடும் மூலைகளில், கணினி மாதிரியின் கூறுகள் கோணலாகவும் போதாமலும் அமைக்கப்பட்டிருந்தன. அதனால் சுவர்களின் வெட்டுவிசை 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. அங்கே இரும்புக் கம்பிகளின் நீளமும் போதவில்லை. மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேட்ட விதத்துக்குப் பதில் சொன்னது. பின்னர் கவனமாகக் கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். அந்தக் கவனம் முன்பே செலுத்தப்பட்டிருக்கலாம். மாற்று அடித்தளத்தை வடிவமைத்தவர்கள் கணினிக்கு முந்தைய கைக்கணக்கு முறைகளுக்குத் திரும்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

*

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அடித்தளம் தோண்டியபோது, சுவருக்கும் கரிசல் மண்ணுக்கும் நடுவே மணலைக் கொட்டச் சொன்னார் கொத்தனார்.

“எதுக்கு அண்ணாச்சி வெட்டிச் செலவு?” என்றேன்.

“கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும் தம்பி. நடுவுல மணல் கெடந்தா அது பாட்டுக்கு அசைஞ்சிட்டுப் போகும். ஒட்ட விட்டீகன்னா செவரையும் சேத்து இழுத்துரும்.”

மாற்றுவழியும் அதன் காரணமும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. அவர் பொறியியல் படித்தவரில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கரிசல் தன் வெடிப்புகளைத் திறந்து காட்டுகிறது. யாரும் காரணத்தை மறக்க முடியாது. மென்பொருளுக்குக் கோடை கிடையாது. அதன் வெடிப்பு மேலே தெரிவதில்லை. எனவே நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

வாய்மொழியில் வாழ்வது வாய்மொழியிலேயே சாகும் என்று இந்த மண்ணுக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன். கரிசல் மக்களின் நாக்கில் மட்டுமே இருந்த சொற்களை அவர் அகராதியாக்கி 1982இல் வெளியிட்டார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலை, யாராவது செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சொல்லை மட்டும் எழுதிவைத்துப் பொருளை விட்டுவிட்டால் அது அகராதி ஆகாது. நம் கோப்புகளில் இருப்பது பொருள் இல்லாத சொற்பட்டியல்தான்.

இதற்கு இரண்டு மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். மென்பொருளைச் செய்தவர்களே பிழைப்பட்டியல் வெளியிடுகிறார்களே என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் அது மென்பொருளின் பிழை. இந்த மேடைக்கு, இந்தக் கப்பலுக்கு அதை எப்படிச் சுற்றிவந்தோம் என்பது நம்முடைய கணக்கு. அறிக்கையில் பிழைகளை எழுதினால் பணம் கொடுப்பவர் பயந்துவிடுவார் என்பது மற்றொன்று. பயப்படட்டும். பிழைதிருத்தப் பக்கத்தைப் பார்த்து எந்த வாசகனும் புத்தகத்தைத் தூக்கி எறிந்ததில்லை.

இது எங்கோ வடகடலின் பிரச்சினை அல்ல. தமிழ்நாட்டுக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு உதவும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மன்னார் வளைகுடாவில் அவை என்றைக்கு எழுந்தாலும், அவற்றின் கால்கள் முதலில் ஏதோ ஓர் அலுவலகத்துக் கணினியில்தான் ஊன்றப்படும். அந்த அறிக்கைகளின் கடைசியில் ஒரே ஒரு பக்கம் கேட்கிறேன்: தெரிந்த பிழை, அதைச் சுற்றிவந்த வழி, அதன் காரணம், எந்த எல்லைக்குள் அது செல்லும் என்று நான்கு பத்திகள். கணக்கிட்டவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும், அந்த மேடையில் ஏறப்போகிற தூத்துக்குடிப் பையனுக்கு அந்தப் பக்கம் துணை நிற்கும்.