ஊசி ஏறும் கையையும் சங்கம் காக்க வேண்டும்



கரைத்தீவுப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறுகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் அல்லர். சிலர் நகரத்து வைத்தியசாலைக்கு டயலிசிஸ் செய்யப் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு ஊசி ஏறும். ஒன்று குருதியை வெளியே எடுக்கும், மற்றது சுத்தமான குருதியைத் திருப்பி அனுப்பும். கிழமைக்கு இரண்டு முறை என்றால் வருடத்துக்கு 208 ஊசி, மூன்று முறை என்றால் 312.

இத்தனை ஊசியைச் சாதாரண நாளம் தாங்காது. அதனால் நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைக்கிறார்கள். இதுதான் பிஸ்டியுலா. 1966இல் நியூயோர்க் வைத்தியர்கள் அறிமுகப்படுத்திய முறை இது. நாளம் தடித்து ஊசிக்குத் தயாராகப் பல கிழமை செல்லும்.

கடந்த வருடம் எங்கள் தோழர் ஒருவர், பிஸ்டியுலா உள்ள கையிலேயே தேங்காய்ச் சாக்குச் சுமந்தார். இலகு வேலை கேட்டார், கிடைக்கவில்லை. பிஸ்டியுலா அடைபட்டது. இப்போது கழுத்தில் குழாய் வைத்துச் சுத்திகரிக்கிறார்கள். குழாயில் கிருமித் தொற்று ஆபத்து அதிகம். இதை அவருடைய தலைவிதி என்று நாங்கள் விட்டுவிட முடியாது.

ஊசி குத்தும் இடமும் முக்கியம். பழகிய இடத்தில் வலி குறைவு என்பதால் அங்கேயே குத்தும்படி நோயாளிகள் கேட்பதுண்டு. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் குத்தினால் நாளத்தின் சுவர் பலவீனமாகி வீங்கும், வெடிக்கவும் கூடும். ஏணிப்படி போல ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிக் குத்துவதே பொதுவாக நல்லது. ஒரே துளையில் மழுங்கிய ஊசி ஏற்றும் 'பொத்தான் துளை' முறையும் உண்டு. அதற்குப் பொருக்கைச் சுத்தமாக அகற்ற வேண்டும், தவறினால் குருதியில் கிருமி ஏறும். "இன்று எந்த இடம், மிஸ்?" என்று தாதியிடம் கேட்பது உங்கள் உரிமை. ஒரு தாதி பல இயந்திரங்களைப் பார்க்க வேண்டியிருந்தால் இந்தக் கவனம் எப்படி வரும்? தாதியரின் ஆளணிக் கோரிக்கை எங்கள் கோரிக்கையும்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை: தினமும் காலையில் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ குருதி எடுக்கவோ விடாதீர்கள். இறுக்கமான காப்பு, கைக்கடிகாரம் வேண்டாம். அந்தக் கையின்மேல் படுக்க வேண்டாம். ஊசி ஏற்றுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் குருதி கசிந்தால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். நிற்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று: டயலிசிஸ் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு, பிஸ்டியுலா உள்ளவருக்குச் சுமை தூக்காத வேலை, வைத்தியசாலைக்குப் போய்வர வாகன வசதி. வைத்தியம் அரசாங்கத்தில் இலவசம். ஆனால் பஸ் காசும் இழந்த நாட்கூலியும் இலவசமில்லை.

உழைத்துத் தேய்ந்த கை அது. அடுத்த பேச்சுவார்த்தையில் அந்தக் கைக்காகவும் பேசுவோம்.