மலையாளிப் பாட்டுக்குக் கோடை விழா மேடை மட்டும்தானா?

ஏற்காடு மலையில் வாழவந்தி போன்ற ஊர்க்காரர் ஒருவர் ‘நாங்க மலையாளிங்க’ என்று சொன்னால், ‘கேரளாவா?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்தில் இருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் ஏறக்குறைய 7.95 லட்சம் பேர். அதில் மலையாளிகள் மட்டும் சுமார் 3.5 லட்சம்.

ஆனாலும் இவர்களின் பேச்சு எந்தக் கணக்கிலும் தனியாக வருவதில்லை. காரணம், அது தமிழ். தோடர் மொழி, கோத்தர் மொழி என்றால் ‘அழிகிறதே’ என்று பதறுவார்கள். மலையாளிப் பேச்சு என்றால், ‘தமிழ்தானே, அதுக்கென்ன?’ என்பதோடு முடிந்துவிடும். 2024-25 பட்ஜெட்டில் பழங்குடியினரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த தமிழக அரசு 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அறிவிப்பில் எடுத்துச் சொல்லப்பட்ட பெயர்கள் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர். எண்ணிக்கையில் முதலிடத்தில் இருப்பவர்கள் அதில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத் தமிழ், சேலத்துக்கு வேலைக்குப் போனால் ஊர்த் தமிழ். வீட்டுப் பேச்சைக் கேலிக்குப் பயந்து பிள்ளைகள் விழுங்கிவிடுகிறார்கள். அது கூச்சமில்லாமல் வெளியே வரும் இடம் கூட்டுப்பாட்டு. கும்மியில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எழுத்து தெரிய வேண்டியதில்லை. தப்பாகப் பாடினாலும் பத்துக் குரலோடு கரைந்துவிடும். பாட்டியின் சொல் பேத்தியின் வாய்க்கு அப்படித்தான் போய்ச் சேர்கிறது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை கிராமங்கள் கூடும்போது, அந்தக் கூட்டத்துக்கு யாரும் ஒத்திகை வைப்பதில்லை.

மத்திய ஆஸ்திரேலியாவில் பழங்குடிப் பெண்களின் பாடகர் குழு ஒன்று உண்டு. ஜெர்மன் பாதிரியார்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த கீர்த்தனைகளை அரண்டா, பிட்ஜன்ஜாரா மொழிகளில் தலைமுறையாகப் பாடி வந்தவர்கள், 2015இல் ஜெர்மனிக்கே போய்ப் பாடினார்கள். வெளியிலிருந்து வந்த பாட்டு, உள்ளூர் மொழியைக் காப்பாற்றும் பாத்திரம் ஆகிவிட்டது. நமக்கு அந்தச் சுற்று வழிகூடத் தேவையில்லை. பாட்டும் இங்கேயே இருக்கிறது, பேச்சும் இங்கேயே இருக்கிறது.

அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு இருளர் மொழிப் பாட்டுக்காக 2022இல் தேசிய விருது அறிவித்தபோது, ‘முறையாக இசை படிக்காதவருக்கா?’ என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அதே பார்வைதான் இங்கேயும். மலைச்சனத்தின் பாட்டு என்றால் கோடை விழாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு முன் கொஞ்ச நேரம், ஒரு போட்டோ, அவ்ளோதான்.

மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வாரம் ஒரு பாட்டு வகுப்பு வைக்கலாம். எடுத்துக்கொடுக்க ஊர்ப் பாட்டிமார் வரட்டும். அவர்களுக்கு வந்துபோகும் செலவும் மதிப்பூதியமும் தரவேண்டும். ஓசிக்குக் கூப்பிடக் கூடாது. பள்ளிக் கல்வித்துறையின் கலைத் திருவிழாவில் அந்தப் பிள்ளைகள் குழுப்பாட்டு பாடும்போது, நடுவர் உச்சரிப்பைத் ‘திருத்தாமல்’ இருப்பாரா என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.