தனியாகப் படித்துத் தோற்கும் பிள்ளைகள்



மெட்ரிகுலேசனில் இடம் கேட்கிறோம், பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இடம் கிடைத்து உள்ளே போன பிள்ளை, முதல் பருவத்திலேயே கணிதத் தாளில் தோற்று, வீட்டில் சொல்லவும் முடியாமல், படிப்புக் கடனையும் சுமந்துகொண்டு நிற்கிறதே, அதைப் பற்றி யார் பேசுவது?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1970களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றார்கள். வறுமை, அக்கறையின்மை, பெற்றோர் ஆதரவில்லை என்று விரிவுரையாளர்கள் காரணம் சொன்னார்கள். நம்மைப் பற்றியும் இதே பல்லவிதானே! யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் மட்டும், பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார்.

கறுப்பின மாணவர்கள் வாரம் சுமார் 8 மணி நேரம் ஒழுங்காகப் படித்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் சுமார் 14 மணி நேரம் படித்தார்கள். முதலில் தனியாகப் படித்துவிட்டு, மாலையில் ஒன்றுகூடி, ஒருவர் தவற்றை மற்றவர் திருத்தினார்கள். எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பது தேர்வுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்தது.

டிரைஸ்மன் டியூசன் வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். அந்தக் குழுக்களில் உட்கார்ந்த கறுப்பின மாணவர்களின் தோல்வி வெகுவாகக் குறைந்தது.

மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் 1973இல் தொடங்கிய முறை இன்னும் எளிது. அந்தப் பாடத்தில் நன்றாகத் தேறிய மூத்த மாணவர், வாரந்தோறும் குறித்த நேரத்தில் குழுவை நடத்துவார். விடை சொல்லித் தரமாட்டார். கேள்வி கேட்டு அவர்களையே பேச வைப்பார். மந்தமான மாணவனுக்கு என்று இல்லாமல் கடினமான பாடத்துக்கு என்று வைப்பதால், போக வெட்கப்பட வேண்டியதில்லை.

நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? "யாரோடும் சேராதே, உன் படிப்பை மட்டும் பார்." தோட்டத்திலும் அடுக்குமாடியிலும் கெட்ட சகவாசத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிய அறிவுரைதான் அது. பல்கலைக்கழகத்தில் அதுவே காலை வாரிவிடுகிறது.

தீபாவளி கலை இரவுக்கு ஒன்றுதிரளும் மாணவர்களே, வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அறையைக் கேட்டு வாங்க முடியாதா? மூத்தவர் ஒருவர், தம்பி தங்கைகள் ஐந்தாறு பேர் போதும். வெறும் அரட்டையாகிவிடாமல் இருக்க, எல்லாரும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வரவேண்டும். மற்ற இனத்து நண்பர்கள் வந்தாலும் உட்கார வையுங்கள்.

பெற்றோர்களே, இந்த வாரம் பிள்ளை போன் செய்தால், "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு, "யாரோட சேர்ந்து படிக்கிற" என்றும் கேளுங்கள். "தனியாத்தாம்மா" என்று பதில் வந்தால், புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போகச் சொல்லுங்கள்.